கறி எந்த ஊர் ஆட்டினுடையது? ஆய்வுக்கூடம் சொல்லும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மத்தியப் பிரதேசம் ஜாபுவாவின் கடக்நாத் கோழி இறைச்சிக்கும் கிடைத்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்டுக்கறிக்கும் ஊர்ப் பெயரால் கூடுதல் விலை கேட்பதானால், வெளியூர்க் கறி அதே பெயரில் நுழையாமல் தடுக்க வேண்டும். வெட்டி வைத்த கறியைக் கொண்டு ஊரை அறிய வழி உண்டா? உண்டு.

தீனியின் அடையாளம்

ஆடு தின்றதே தசையாகிறது. கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று போல் கனமானது. சோளம், கம்பு, மக்காச்சோளம், அருகம்புல் ஆகியவற்றில் இந்தக் கனமான அணு சற்று அதிகம். வைக்கோல், கடலைக்கொடி, அகத்தி, கருவேல நெற்று ஆகியவற்றில் குறைவு. சர்வதேச அளவுகோலில் முதல் வகை சுமார் மைனஸ் 12; அடுத்தது சுமார் மைனஸ் 27. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி இதை அளந்து காட்டும்.

தண்ணீரும் மண்ணும்

சோளம் பல ஊர்களில் விளைவதால் கார்பன் மட்டும் போதாது. ஆடு குடித்த தண்ணீரின் அடையாளம் கறியிலுள்ள ஆக்ஸிஜன், ஹைட்ரஜனில் தெரியும். மேகம் மலையேறிப் பொழியும்போது கனமான நீர் முதலில் விழுகிறது. வெயிலில் சுண்டிய கண்மாய் நீரிலும் கனமானது மிஞ்சும். மண்ணின் மூலப் பாறைக்கேற்ப ஸ்ட்ரான்சியம் மாறும்.

கவனிக்க வேண்டியது

கருவி தானாக ஊர்ப் பெயரைச் சொல்லாது. இங்கேயே வளர்ந்த ஆடுகளின் மாதிரிகளைக் கோடையிலும் மழைக்காலத்திலும் எடுத்து அளந்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். வெளியூர்க் குட்டியைப் பல மாதம் இங்கே வளர்த்தால், கறியில் நம் ஊர் அடையாளம் மெல்ல ஏறிவிடும். எனவே ஆய்வோடு பதிவேடும் தேவை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. ஆட்டுக்கு 12 இலக்கக் காதுவில்லை போட்டு, எண்ணைக் குறித்து வையுங்கள்.

2. குட்டி பிறந்த அல்லது வாங்கிய தேதி, ஊர் ஆகியவற்றை எழுதுங்கள்.

3. மேய்ச்சல் இடத்தையும் வாங்கிப் போட்ட தீனியையும் மாதந்தோறும் குறியுங்கள். ஒருவர் மட்டும் மக்காச்சோளத் தீவனத்தை அதிகம் போட்டால், அவருடைய ஆட்டுக்கறியின் அளவு மற்றவர்களுடையதோடு பொருந்தாமல் போகலாம்.

4. சங்கமாகச் சேருங்கள். புவிசார் குறியீட்டுக்கு உற்பத்தியாளர் அமைப்பே விண்ணப்பிக்கலாம். தனி வியாபாரி விண்ணப்பிக்க முடியாது. பதிவகம் சென்னையில் உள்ளது.

கருவி ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம். அதற்கு வேண்டிய சாட்சியம் உங்கள் கிடையிலும் நோட்டிலும்தான் இருக்கிறது.