ஜெர்மனியில் துடைப்பம் எந்தக் கடையில்?

மகள் வீட்டுக்கோ அலுவலக வேலையாகவோ இரண்டு மூன்று மாதம் ஜெர்மனியில் தங்கப் போகிறீர்களா? பெட்டியில் பருப்புப் பொடியை அடைப்பதற்கு முன்னால், எந்தக் கிழமை போய் இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். சனிக்கிழமை இரவு என்றால் துணி சோப்புக்குக்கூட அலைய வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள். சட்டம் அப்படி. 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிறை ஓய்வுநாளாக்கிய பிரிவு, 1949இல் வந்த அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள கடைகளும் பெட்ரோல் பங்குகளும்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். பங்கில் விலை கூடுதல். மற்ற நாட்களில் பல ஊர்களில் சூப்பர் மார்க்கெட் இரவு 9, 10 மணி வரை இருக்கும். மியூனிக் இருக்கும் பவேரியாவில் 8 மணிக்கே மூடிவிடுவார்கள்.

அடுத்து, எதற்கு எந்தக் கடை என்பது. நம் ஊரில் பெட்டிக்கடையிலேயே தலைவலி மாத்திரை கிடைக்கும். அங்கே பாராசிட்டமாலுக்கும் மருந்துக் கடைக்குத்தான் போகவேண்டும். வாசலில் சிவப்பாகப் பெரிய ‘ஏ’ எழுத்து தொங்கும். சோப்பு, ஷாம்பு, நாப்கின், குழந்தைக்கு டயப்பர், பிளாஸ்டர், தரை துடைக்கும் திரவம் எல்லாம் ‘ட்ரோகெரி’ என்ற தனிவகைக் கடையில். டிஎம், ரோஸ்மான் இரண்டும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. டிஎம்மின் சொந்தத் தயாரிப்பான ‘டெங்க்மிட்’ சாமான்கள் விலை குறைவு, தாராளமாக வாங்கலாம். ஆணி, பல்பு, குழாய் வாஷர் என்றால் ஓபி, பவ்ஹவுஸ் போன்ற கட்டுமானச் சாமான் கடைகள். வாளி, துணிக் கிளிப், பிளாஸ்டிக் டப்பா போன்ற சில்லறைச் சாமான்களுக்கு டெடி, ஆக்‌ஷன், வூல்வொர்த்.

துணி துவைக்கும் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். ஒரே மாதிரி உருவமுள்ள பாட்டில்கள் வரிசையாக இருக்கும். அதில் பாதி, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம். அழுக்கை அது தொடாது. ‘வைஷ்ப்யூலர்’ என்று எழுதியிருந்தால் அதுதான். ‘ஃபோல்வாஷ்மிட்டல்’ என்ற பவுடரில் வெளுப்பான் இருக்கும். வேட்டிக்கு நல்லது, கறுப்புச் சட்டைக்கும் பட்டுக் கலந்த சேலைக்கும் ஆகாது. வண்ணத் துணிக்கு ‘கலர்’ என்று போட்டதை எடுங்கள். எவ்வளவு போடுவது என்பதைப் பெட்டியின் பின்பக்க அட்டவணை சொல்லும். அது அழுக்கை மட்டும் வைத்துச் சொல்வதில்லை, தண்ணீரின் கடினத்தன்மையையும் வைத்துச் சொல்கிறது.

அந்தத் தண்ணீர் பல ஊர்களில் மிகவும் கடினமானது. சில வாரத்தில் கெட்டிலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதற்கு சிட்ரிக் அமிலப் பொடி ட்ரோகெரியிலேயே கிடைக்கும். குளிர்ந்த நீரில் கரைத்து ஊறவிடுங்கள். கொதிக்கவிட்டால் கரையாத வேறொரு படிவமாக ஒட்டிக்கொள்ளும். 25 சதவீத வினிகர் எசென்ஸும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதை அப்படியே சமையலில் ஊற்றிவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கென்று பெரிய அட்டைப் பெட்டியில் கல் உப்பு விற்பார்கள். மலிவாக இருக்கிறதே என்று ஊறுகாய்க்கு வாங்கிவிடக் கூடாது.

துடைப்பத்துக்கு வருவோம். பூந்துடைப்பமும் தென்னந்துடைப்பமும் அங்கே உள்ள கடைகளில் எதிர்பார்க்க வேண்டாம். நீளக் கம்பு வைத்த நார்த் துடைப்பமும் கையகல பிரஷ்ஷோடு சேர்ந்த முறமும் டெடியில் கிடைக்கும். பெரும்பாலான குளியலறைகளில் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. வாளியை வைத்து மொண்டு குளித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். குளியல் தொட்டிக்குள் நின்றே குளிக்கவேண்டும். மக் தேடாதீர்கள், சமையல் பகுதியில் கைப்பிடி வைத்த அளவுக் குவளை இருக்கும், அதுவே மக். கழிப்பறைக்கு, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சின்னப் பூவாளி. ஜெர்மனியில் குடியிருக்கும் நம்மவர்கள் பலரின் வீடுகளில் பூவாளி இருப்பது செடிக்காக அல்ல!

மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். மிக்ஸி ஓடும், பிளக் சேராது. அங்கே விற்கும் அடாப்டர்களில் அதிகம், வெளிநாடு போகும் ஜெர்மானியருக்கானவை. எர்த் உள்ள அடாப்டர் இரண்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். அலுமினியக் குக்கர் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் வீண் சுமை. புட்டுக் குழல், இடியாப்ப உரல், தேங்காய் துருவி போன்றவற்றுக்கு ஈழத் தமிழர் நடத்தும் கடைகளை விசாரியுங்கள். அம்மன் கோயில் உள்ள ஹாம் நகரை ஒட்டிய ரூர் பகுதியில் அத்தகைய கடைகள் உண்டு.

கடைக்குப் போகும்போது துணிப்பை அவசியம். 2022 முதல் சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தடை. தள்ளுவண்டியை எடுக்க ஒரு யூரோ நாணயம் வேண்டும். கல்லாவில் இருப்பவர் படபடவென்று பொருட்களைத் தள்ளிவிடுவார். அங்கேயே நின்று அடுக்காமல், எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் அடுக்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார்.

காலி பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் சேர்த்தே வாங்குகிறார்கள். நசுக்காமல், லேபிளோடு சூப்பர் மார்க்கெட் இயந்திரத்துக்குள் போட்டால் ரசீது வரும். அதைக் கல்லாவில் நீட்டினால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் ஞாயிறாக இருந்தால், சனிக்கிழமையே போட்டுவிடுங்கள்.