குதிரையின் நடையும் குழந்தையின் இடுப்பும்



நன்றாய் நடக்கிறவர்களே ஏறப் பயப்படுகிற மிருகம் குதிரை. அதன்மேல் நடக்க இயலாத ஒரு பிள்ளையை ஏற்றுவது சிகிச்சை என்று சொன்னால், நம்மில் அநேகர் நம்பமாட்டோம். அந்தத் தயக்கம் நியாயமானதே. இதை ஒரு டென்மார்க் தேசத்துப் பெண்மணியிலிருந்து படிக்கத் தொடங்குவோம்.

லிஸ் ஹார்டெல் குதிரையேற்றத்தில் தேர்ந்தவர். 1944-ஆம் ஆண்டு, தமது 23-ஆம் வயதில், இரண்டாவது பிள்ளையைக் கருவில் சுமந்திருக்கையில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிற்று. குழந்தை சுகமாய்ப் பிறந்தது. தாயோ கையைத் தூக்கவும், பிறகு தவழவும், பிறகு ஊன்றுகோலோடு நடக்கவும் ஒவ்வொன்றாய்க் கற்கவேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே பலம் திரும்பவேயில்லை. ஆகிலும் மறுபடியும் குதிரையேறினார், பலமுறை விழுந்தார்.

டிரஸ்ஸாஜ் என்னும் போட்டியில் குதிரையை ஓட்டப்பந்தயமாய் விரட்டுவதில்லை. அதன் நடையும் திருப்பமும் ஒழுங்காயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒலிம்பிக்கில் இப்போட்டியில் பெண்களும் ஆண்களோடு கலந்துகொள்ள 1952-இல்தான் இடம் கிடைத்தது. அந்த ஆண்டே ஹெல்சிங்கியில் லிஸ் ஹார்டெல் ஜூபிலி என்ற குதிரையின்மேல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டும். பதக்க மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர், அவரை வென்று தங்கம் பெற்ற சுவீடன் வீரர் சேன் சீர். 1956-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த குதிரையேற்றப் போட்டிகளிலும் அவருக்கு மீண்டும் வெள்ளி.

குதிரை அவருடைய கால்களைக் குணமாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவரைப் பார்த்தவர்களுக்கு ஒரு வழி தென்பட்டது. 1950-களில் நார்வே நாட்டில் எல்ஸ்பெட் பெட்கர் என்ற பிசியோதெரபிஸ்ட் ஊனமுற்ற சிறுவரைக் குட்டைக் குதிரைகளின்மேல் ஏற்றிப் பயிற்சி கொடுத்தார். 1969-இல் பிரிட்டனில் இதற்கென்றே ஒரு தேசியச் சங்கம் உருவாயிற்று.

இது எப்படி உதவுகிறது? உங்கள் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து அடி நடந்து பாருங்கள். இடுப்பு முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் சாயும், சற்றுத் திரும்பும். நடக்கிற குதிரையின் முதுகு, அதன்மேல் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு ஏறக்குறைய இதே அசைவைக் கொடுக்கிறது. தன் கால்களால் ஒருபோதும் நடந்திராத பிள்ளையின் இடுப்பும், நடப்பது எப்படியிருக்கும் என்பதை அங்கே அறிகிறது. மூளை வாதத்தால் தொடைகள் இறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, கால்களை அகட்டி உட்காருவதும், குதிரையின் உடற்சூடும் (சுமார் 38 டிகிரி செல்சியஸ்), சீரான ஆட்டமும் சேர்ந்து இறுக்கத்தைத் தளர்த்தும். ஒவ்வொரு அடிக்கும் உடல் சற்று நிலை தவறும். பிள்ளை தன்னையறியாமலே நிமிர்ந்துகொள்ளும். குதிரை நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 அடி வைத்தால், 20 நிமிடத்தில் அது 2,000 தடவை. சிகிச்சை அறையில் பாய் விரித்து, ஒரு பிள்ளையை 2,000 தடவை நிமிரச் சொல்லிப் பாருங்கள்!

எல்லாருக்கும் இது ஏற்றதல்ல. அடங்காத வலிப்பு உள்ளவர்கள், எலும்பு எளிதில் முறிகிறவர்கள், இடுப்பு மூட்டு விலகியவர்கள் விஷயத்தில் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் மூட்டு உறுதியாயிருக்கிறதா என்று முன்னதாகப் பரிசோதிக்கவேண்டும். நல்ல நாட்டம் மாத்திரம் இங்கே போதாது.

ஆள்பலமும் சிறியதல்ல. பயிற்சி பெறாத பிள்ளைக்கு, குதிரையை நடத்த ஒருவர், இருபுறமும் பிடித்துக்கொள்ள இருவர், கண்காணிக்க ஒரு தெரபிஸ்ட். பிள்ளை வராத நாளிலும் குதிரைக்குத் தீனி வேண்டும், குளம்புக்குப் பராமரிப்பு வேண்டும். எந்தக் குதிரையும் உதவாது. சக்கர நாற்காலி சரிவுப் பாதையில் உருண்டு வந்தாலும், பிள்ளை திடீரென்று கூச்சலிட்டாலும், பிடரி மயிரைப் பிடித்திழுத்தாலும் அசையாமல் நிற்கிற குதிரை வேண்டும். துள்ளித் திரிந்த வயது கடந்த குதிரைகளில்தான் பெரும்பாலும் அந்தப் பொறுமை கிடைக்கிறது.