மாறனுக்கு முன்னால் அவன் ஊரை வரையுங்கள்

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாங்கா பாணியில் ஒரு மாயாஜாலக் கதை வரைந்துகொண்டிருக்கிறேன். என் நாயகன் மாறன் கையை உயர்த்தினால் ஓடுகிற ஆறே திசை மாறும். அவன் முன்னால் எந்த அரக்கனும் நிற்க முடியாது. இதுவரை வரைந்த நாற்பது பக்கங்களை நண்பர்களிடம் காட்டினேன். “ஹீரோ ரொம்ப ஓபி (அளவுக்கு மீறிய பலசாலி), எதையுமே நம்ப முடியல” என்கிறார்கள். அதே நண்பர்கள்தான் ‘ஒன் பஞ்ச் மேன்’ சைதாமாவைக் கொண்டாடுகிறார்கள்! மாறனின் சக்தியைக் குறைத்துவிடட்டுமா? அல்லது அவனுக்கு ஏதாவது பலவீனம் வைக்கட்டுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: குறைக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு இடத்தைத் தவறாகக் காட்டுகிறார்கள். கோளாறு மாறனிடம் இல்லை, அவன் நடமாடும் ஊரில் இருக்கிறது.

சைதாமாவையே எடுத்துக்கொள்வோம். ஒன் என்ற புனைபெயர்க்காரர் 2009இல் இணையத்தில் அந்தக் கதையைத் தொடங்கினார். 2012 முதல் யூசுகே முராதா அதைப் புதிதாக வரைந்துவருகிறார். நாயகன் ஜெயிப்பானா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை, ஒரு குத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த உலகத்தில் வீரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. உள்ளே வரத் தேர்வு எழுத வேண்டும். உடல் தேர்வில் அசத்திய சைதாமா எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்டு, கடைசி நிலையான சி வகுப்பில் போய் விழுகிறான். அந்த வகுப்புக்காரர்கள் வாரம் ஒருமுறையாவது வீரச்செயல் செய்து காட்ட வேண்டும், தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். ஆக, உலகின் மகா பலசாலி கணக்குக் காட்டுவதற்காகத் திருடனைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறான்.

ஆழ்கடல் அரசன் வரும் பகுதியில் வீரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழுகிறார்கள். சைக்கிளைத் தவிர வேறெதுவும் இல்லாத முமென் ரைடர்கூட எழுந்து நிற்கிறான். சைதாமா வந்து ஒரே குத்தில் முடித்ததும் கூட்டத்தில் ஒருவன், இவ்வளவு எளிதாக முடிந்ததென்றால் மற்ற வீரர்கள் எதற்கு என்று எகத்தாளம் பேசுகிறான். உடனே சைதாமா, மற்றவர்கள் அந்த அரக்கனைக் களைப்படைய வைத்திருந்தார்கள், நான் பெயரைத் தட்டிக்கொண்டேன் என்று பொய் சொல்கிறான். குத்து ஒரு நொடி, அதற்குப் பிறகு ஊர் பேசுவதுதான் கதை. உங்கள் நண்பர்கள் கொண்டாடுவது இதைத்தான், அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இன்னும் நல்ல பாடம் ‘ஃப்ரீரென்’. கனேஹிதோ யமாதா எழுத, சுகாசா அபே வரைய, 2020இல் ‘ஷோனென் சண்டே’ வார இதழில் தொடங்கியது. ஆயிரம் வயது தாண்டிய எல்ஃப் சூனியக்காரி ஃப்ரீரென். அவளும் கூட்டாளிகளும் அரக்க வேந்தனை வீழ்த்திவிட்டு ஊர் திரும்பும் இடத்தில்தான் கதையே ஆரம்பிக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்துத் தலைவன் ஹிம்மெல் இறந்துபோகிறான். பத்து ஆண்டு கூடவே நடந்தும் அவனைத் தெரிந்துகொள்ள முயலவில்லையே என்று அப்போதுதான் அழுகிறாள். அவளுடைய எந்த மந்திரமும் அதற்கு உதவாது.

உலகத்தைப் படைப்பது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் அதில் வரும் க்வால் அத்தியாயத்தைத்தான் காட்டுவேன். க்வால் என்ற அரக்கன் கண்டுபிடித்த மந்திரம் ஸோல்ட்ராக். அன்றைய கவசத்தையும் காப்பு மந்திரத்தையும் துளைத்து ஆளைக் கொல்லும். ஹிம்மெல் குழுவாலேயே அவனைக் கொல்ல முடியவில்லை, முத்திரையிட்டு அடைக்கத்தான் முடிந்தது. எண்பது ஆண்டுக்குப் பிறகு முத்திரை விலகுகிறது. க்வால் அதே மந்திரத்தை ஏவுகிறான். ஃப்ரீரெனின் இளம் சீடப் பெண் ஃபெர்ன் அதைச் சாதாரணமாகத் தடுத்துவிடுகிறாள்! அவன் அடைபட்டிருந்த காலத்தில் மனிதர்கள் அந்த மந்திரத்தைக் கூறுபோட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு எதிரான காப்பு மந்திரம் வந்தது, கவசங்கள் மேம்பட்டன, கடைசியில் அந்தக் கொலை மந்திரமே எல்லாச் சூனியக்காரர்களும் பயிலும் சாதாரணத் தாக்குதல் மந்திரம் ஆகிவிட்டது. க்வாலும் முட்டாள் இல்லை. புதிய காப்பு மந்திரம் சக்தியை அதிகம் குடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு சரமாரியாக அடிக்கத் தொடங்குகிறான். கதை கண்ணில் காட்டாத எண்பது ஆண்டுகளும் அந்த உலகத்தில் ஓடியிருக்கின்றன. நம்பிக்கை பிறப்பது அங்கேதான். வரைபடம், வம்சாவளி, புது மொழி இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பலவீனம் வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்கலாம், ஆனால் ஒட்டுப்போட்டது தெரியக் கூடாது. ‘ஹண்டர் x ஹண்டர்’ குராபிகா, பகைவர்களான மாயக் கும்பலைத் தவிர வேறு யார்மீதும் தன் ஆயுதமான சங்கிலிகளில் ஒன்றைப் பயன்படுத்தினால் தன் உயிர் போகும் என்று தானே விதித்துக்கொள்கிறான். அந்தக் கட்டுப்பாடுதான் சங்கிலிக்கே பலம் தருகிறது. பச்சைக் கல்லைக் கண்டால் மயங்கி விழும் ரகப் பலவீனத்தைவிட இது எவ்வளவோ மேல்.

எதிரியின் பலத்தை ஏற்றிக்கொண்டே போகும் வழி மட்டும் வேண்டாம். ‘டிராகன் பால்’ பலமானி ஒரு விவசாயிக்கு 5 காட்டியது. ஃப்ரீஸாவிடம் வரும்போது அது 5,30,000. அதற்குப் பிறகு கதையைப் படைத்த தொரியாமாவே எண்களை ஏறக்குறைய கைவிட்டுவிட்டார். ஆட்களின் தலைக்கு மேல் எண் மிதக்கும் மறுபிறவிக் கதைகள் இன்று கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு அவை மதிப்பெண் பட்டியல் படிப்பது மாதிரிதான் இருக்கின்றன.

இனி மாறன். ஆற்றைத் திருப்பும் ஒருவன் இருக்கும் நாட்டில், நாற்பது பக்கத்தில் ஒருவர்கூட அவனிடம் தன் வயலுக்குத் தண்ணீர் கேட்கவில்லையே, ஏன்? அரக்கனை மூழ்கடிக்க அவன் ஆற்றை வளைத்த அன்று கீழ்மடைக்காரர்கள் என்ன ஆனார்கள்? நாற்று காய்ந்ததா? படகோட்டி அன்று எங்கே போனான்? மேல்மடை ஊரும் கீழ்மடை ஊரும் அவனைத் தங்கள் பக்கம் இழுக்கப் பெண் கொடுக்க வரமாட்டார்களா? அரசனுக்கு வரி வருவதே விளைச்சலிலிருந்து என்றால், மாறனை அவன் பூமாலையோடு வரவேற்பானா, இரவோடிரவாக விஷம் வைப்பானா? மாறனுக்கு முன்னால் இப்படி யாராவது இருந்திருந்தால் அந்த ஊரில் அணை எப்படிக் கட்டியிருப்பார்கள்?

எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிடாதீர்கள். ரியோகோ குய் வரைந்த ‘டன்ஜன் மெஷி’யில் சென்ஷி என்ற குள்ளன், மண்ணால் ஆன கோலெம் பூதங்களின் முதுகில் காய்கறி பயிரிடுகிறான். அதை வைத்தே அந்தப் பாதாளத்தில் ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

சண்டைக் காட்சிகளை அப்படியே வையுங்கள். அவற்றுக்கு நடுவே கீழ்மடை ஊரைப் பற்றி நான்கு பக்கம் வரைந்து சேர்த்து, அதே நண்பர்களிடம் மறுபடி கொடுங்கள். அப்போதும் நம்ப முடியவில்லை என்றால் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.