பேறுகாலமும் சங்கிலி நுண்ணுயிரும்

கல்லூரி விழா மலரிலே தமிழாசிரியர் ஒருவர் மகப்பேற்றுக் காலத்து நோயொன்றைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். வைத்தியம் வைத்தியர்க்குரியது என்பதை நாமும் அறிவோம். ஆயினும் இவ்விடயம் நம்மைத் தேடி வந்ததேயன்றி, நாம் அதனைத் தேடிச் சென்றோமல்லேம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, இறம்பொடைக் கடைவீதியில் பேருந்துக்காகக் காத்து நின்றபோது, நம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவரின் தாயார் எதிர்ப்பட்டார். முப்பது ஆண்டுகள் மலையேறிக் கொழுந்து பறித்து மகனைப் படிப்பித்தவர். மகன் இப்பொழுது மனைவியுடன் கனடாவிலே வாழ்கின்றார். அம்மையார் தம் கைத்தொலைபேசியை நீட்டி, "ஐயா, இந்த இங்கிலீசுக் காகிதத்தைக் கொஞ்சம் பாருங்க. மருமகளுக்கு என்னமோ பூச்சி இருக்காம். புள்ள பொறக்கிறப்ப ஊசி ஏத்தணுமாம். பூண்டு வச்சா போயிடும்னு இங்க சொல்றாங்க. ஊசி இல்லாம நம்ம மருந்துல பார்த்துக்க ஏலாதா?" என்று வினவினார். குரலைத் தாழ்த்தி, "சுத்தபத்தமா இல்லாததுனால வர்றதுங்களா?" என்றும் கேட்டார். முதல் வினாவிலும் இவ்விரண்டாம் வினாவே நம்மை மிகவும் வருத்திற்று. கடல் கடந்து முதற்பிள்ளைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின்மேல், மாமியாரின் மனத்திலே காரணமின்றி ஒரு களங்கம் படியத் தொடங்கியிருந்தது. அன்றிரவே நூல்களைப் புரட்டினோம். பின்னர் வைத்தியர் ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

காகிதத்தில் இருந்த பெயர் 'குரூப் பி ஸ்ரெப்ரோகொக்கஸ்' என்பது. சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது நம் தொழிலாதலின் அங்கிருந்தே தொடங்குவோம். கிரேக்க மொழியில் 'ஸ்ரெப்ரோஸ்' என்பது முறுக்கிய சங்கிலி போன்றது எனப் பொருள்படும். 'கொக்கஸ்' என்பது மணி அல்லது விதை. மணிகள் கோத்த சரம்போல் உருப்பெருக்கியில் தோன்றும் பற்றீரியா என்பது பெயரின் கருத்து. இதனைச் 'சங்கிலி நுண்ணுயிர்' என்போம். இவ்வினத்துள் பல பிரிவுகள் உண்டு. அவற்றை ஏ, பி, சி என 1933ஆம் ஆண்டில் வகைப்படுத்தியவர் றெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அவற்றுள் 'பி' பிரிவே நாம் பேசுவது. இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. 'அகலாக்ரியே' என்னும் அப்பெயருக்குப் 'பாலின்மை' என்று பொருள். இந்நுண்ணுயிர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதன்முதல் அறியப்பட்டது மனிதரிடத்தன்று, பசுவின் மடியிலே. மடி வீங்கிப் பால் வற்றும் நோயை உண்டாக்குவது அது. லயத்தின் பின்புறத்தில் மாடு வளர்க்கும் நம்மவர்க்கு அந்நோய் புதிதன்று, பெயர்தான் புதிது.

மகப்பேற்றுக்குப்பின் தாயரைக் கொன்ற காய்ச்சலை நம் முன்னோர் பிரசவ சன்னி என்றனர். அதன் காரணம் நெடுங்காலம் எவர்க்கும் விளங்கவில்லை. 1847ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்து வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவம் பார்ப்போர் சுண்ணாம்புக் குளோரைட்டுக் கரைசலிற் கைகழுவ வேண்டும் என விதித்தார். ஏப்ரில் மாதத்தில் நூற்றுக்குப் பதினெண்மராக இருந்த தாய்மார் இறப்பு, சில வாரங்களில் நூற்றுக்கு இருவரளவிற் குறைந்தது. அதே 1847ஆம் ஆண்டிலேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அமர்ந்து, மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். 1857ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'பிரசவ வைத்தியம்' என்னும் மொழிபெயர்ப்பு நூலை எண்ணுந்தோறும் நமக்கு ஒருபுறம் பெருமிதமும் ஒருபுறம் நாணமும் உண்டாகின்றன. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழிற் சொல்லக்கூடியதாயிருந்ததை, இன்று நம் தாய்மார் ஆங்கிலக் காகிதமாகக் கையிலேந்திக் கடைவீதியிலே படிப்பிக்க ஆள் தேடுகின்றனர்.

பிரசவ சன்னிக்குப் பெரும்பாலும் காரணமாயிருந்தது 'ஏ' பிரிவு. 'பி' பிரிவோ அமைதியான குடியிருப்பாளன். 1935இல் லான்ஸ்ஃபீல்டும் ஹெயாரும் ஆராய்ந்தபோது, நோயொன்றுமில்லாத தாயரிடத்தும் அது காணப்பட்டது. குடலிலும் பிறப்பு வழியிலும் அது தங்கும். சில வாரம் இருக்கும், சில வாரம் மறையும், மீளவும் தோன்றும். உலக முழுவதையும் சேர்த்து நோக்கின், கருவுற்ற மகளிருள் நூற்றுக்குப் பதினெண்மர் அளவில் இதனைத் தாங்கியுள்ளனர். ஆதலின் அம்மையாரின் இரண்டாம் வினாவுக்கு விடை தெளிவு: இது அழுக்கினால் வருவதன்று, ஒழுக்கக் குறைவால் வருவதுமன்று, கணவன் மனைவியர்க்கிடையே பழி சுமத்துதற்குரிய நோயுமன்று. குளித்துத் துவைத்து உடுத்துக் கோயிலுக்குச் செல்லும் பெண்ணிடத்தும் அது இருக்கும்.

அங்ஙனமாயின் ஊசி எதற்கு? தாய்க்கு அமைதியாயிருப்பது சேய்க்கு அமைதியாயிருப்பதில்லை. பனிக்குடம் உடைந்து, குழந்தை பிறப்பு வழியே வரும்போது நுண்ணுயிர் அதனைப் பற்றுகின்றது. மருந்தொன்றும் கொடாவிடின், இதனைத் தாங்கிய தாயரின் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதியை அது சேரும். சேர்ந்த மாத்திரத்தே நோய் வாராது. அத்தாயரின் குழந்தைகளுள் நூற்றுக்கு ஒன்றிரண்டிற்கே குருதி நஞ்சாதல், நுரையீரல் அழற்சி, மூளையுறை அழற்சி என்பன உண்டாகும். நூற்றுக்கு ஒன்றுதானே எனக் கூறுவோர், அந்த ஒன்று எவ்வீட்டுப் பிள்ளை என முன்கூட்டி அறிவாரல்லர். உலகமெங்கும், கருவிலேயே இறப்பன உட்பட, ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சமளவிலான குழந்தைகள் இதனால் மாள்கின்றன என 2021இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

ஊசியில் உள்ளது பெனிசிலின். பிரசவ வலி தொடங்கியதும் அல்லது பனிக்குடம் உடைந்ததும் நாளத்தின் வழியே முதலில் 50 இலட்சம் அலகும், பின்னர் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 இலட்சம் அலகும், பிள்ளை பிறக்கும்வரை ஏற்றுவர். பிறப்புக்கு நான்கு மணித்தியாலத்துக்கு முன்னரே முதல் மருந்து உட்சென்றிருத்தல் சாலச் சிறந்தது. அமெரிக்காவிலே 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு இரண்டளவில் இருந்த, பிறந்த முதல் வாரத்து நோய், இம்முறை பரவியபின் ஆயிரத்துக்குக் காற்பங்கு அளவில் வீழ்ந்தது. முன்மாதங்களில் மாத்திரை விழுங்கினாற் போதாதோ எனின், போதாது. குடலிலிருந்து நுண்ணுயிர் மீண்டும் குடிபுகும். பெனிசிலின் ஒவ்வாதவர் அதனை முன்னரே கூறிவிடல் வேண்டும். அவர்க்கு வேறு மருந்துகள் உண்டு. மருந்திற் குறையே இல்லையென நாம் வாதாட வரவில்லை. குழந்தையின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அது சிலகாலம் மாற்றும். முதல் வாரம் கழிந்தபின் வரும் நோயைத் தடுக்கவும் அதனால் இயலாது.

இனி, 'நம்ம மருந்து' என்பதற்கு வருவோம். மருந்தென்றாலே ஐரோப்பியர் மருந்துதான் என்னும் கட்சியினரல்லேம் நாம். பாட்டியர் கைமருந்தில் வளர்ந்தவர்களே. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனி நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

பூண்டில் உள்ள காரச்சத்து, பரிசோதனைக் குழாயிலே இந்நுண்ணுயிரைக் கொல்லும், இது மெய். பரிசோதனைக் குழாய் மனித உடலன்று; இதுவும் மெய். பூண்டுப் பல்லைப் பிறப்பு வழியில் வைத்துக் குழந்தையைக் காத்ததாக நிறுவிய ஆய்வொன்றும் இல்லை. மென்மையான தோல் எரிந்து புண்படுவது மட்டும் உறுதி. இதனினும் பெரிய தீங்கொன்று உண்டு; அதனை அம்மையார்க்கு விளக்கவே நாம் நெடுநேரம் செலவிட்டோம். சோதனைக்குச் சில நாள் முன்னர் பூண்டு வைத்தால், அவ்விடத்து நுண்ணுயிர் சிறிது குறைந்து, முடிவு 'இல்லை' என வரக்கூடும். வைத்தியர் ஊசி வேண்டாவென விட்டுவிடுவர். குடலில் ஒளிந்திருந்தது பிரசவ நாளில் மீண்டு வரும். கள்வனைத் துரத்தாமல் நாயின் வாயை மட்டும் கட்டியது போலாகும்.

கிருமிநாசினியாற் கழுவுதல் எளிதாயிற்றே என்பார்க்கு: தென்னாபிரிக்காவின் சொவெற்றோவில் ஏறத்தாழ எண்ணாயிரம் தாயரிடத்துக் குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைத்துப் பார்த்தனர். 2009இல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் நோய் அதனாற் குறையவில்லை. தயிரின் கதை சற்று நம்பிக்கை தருவது. தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிரின் உறவினர் சிலவற்றை உறையிலிட்டுத் தாய்வானில் 110 கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றை உண்டோருள் நூற்றுக்கு 43 பேரிடத்தும், வெற்றுறை உண்டோருள் 18 பேரிடத்தும் நுண்ணுயிர் மறைந்திருந்தது என 2016இல் எழுதினர். பின்னர் வேறிடத்து ஆய்வுகள் அத்துணைப் பயன் காணவில்லை. எருமைத் தயிர் உண்பதை எவரும் தடுக்கவில்லை. உண்க, ஆனால் அதனை நம்பி ஊசியை மறுக்கற்க. வேப்பிலையை வாயிலிற் கட்டுவதால் தீங்கில்லை. வேப்பெண்ணெயைக் கர்ப்பிணி உட்கொள்ளலாகாது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயரிருப்பினும், பச்சைக் குழந்தையின் வாயில் அதனை உரைத்து ஊற்றுவதை இன்று வைத்தியர் விலக்குகின்றனர்.

நம் வழக்கங்களுள் போற்றத்தக்கனவும் உள. பிள்ளை பெற்ற வீட்டிற்குள் கண்டவர் நுழையாமற் காத்த 'தீட்டு' என்னும் கட்டுப்பாடு, பெயரில் இழிவு கலந்திருப்பினும், செயலிலே குழந்தையைப் பிறர் கைபடாமற் காத்தது. முதற் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்த பழக்கமோ பெருந்தவறு. அதனை விட்டொழித்தது நன்று. பெனிசிலினும் இயற்கையின் கொடையே என்பதை ஈண்டுச் சொல்லாதிருக்க இயலவில்லை. 1928இல் பிளெமிங் கண்டது ஒரு பூஞ்சணத்தின் சாற்றையன்றோ? பழைய ரொட்டியிற் பூப்பதன் இனத்ததே அது.

நம் தோட்டப்புறங்களுக்கு வருவோம். கனடாவில் கர்ப்பிணிகள் எல்லோரையும் 35 முதல் 37 கிழமைக்குள் சோதிப்பர். பிரித்தானியாவில் அவ்வாறில்லை, ஆபத்துக்குரிய அறிகுறி கண்டே மருந்து கொடுப்பர். நம் நாட்டு அரசாங்கச் சிகிச்சை நிலையங்களிலும் எல்லோர்க்கும் இச்சோதனை செய்யும் வழக்கமில்லை. ஆகவே இங்கு அறிகுறிகளை அறிந்திருத்தலே முதற் காப்பு. 37 கிழமைக்கு முன் வலி தொடங்கல், பனிக்குடம் உடைந்து 18 மணித்தியாலம் கடத்தல், பிரசவ வேளையில் தாய்க்கு 38 பாகைக் காய்ச்சல், சிறுநீர்ச் சோதனையில் இந்நுண்ணுயிர் தோன்றல், முன்பிறந்த பிள்ளைக்கு இந்நோய் வந்திருத்தல் என்பவற்றுள் ஒன்று இருப்பினும் வைத்தியரிடம் வாய்திறந்து கூறல் வேண்டும். 'தண்ணி உடைஞ்சிருக்கு, வலி இல்லை. விடியட்டும்' என்று காம்பராவிலேயே காத்திருத்தல் நம்மவர் வழக்கம். மேற்பிரிவிலிருந்து பெருந்தெருவுக்கு வரவே ஒரு மணித்தியாலம். மழையில் மண் சரிந்தால் இன்னும் அதிகம். மருந்துக்கு வேண்டிய அந்நான்கு மணித்தியாலம் படியிறங்கும் பாதையிலேயே கழிந்துவிடுகின்றது. நீர் உடைந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுக.

பிறந்த பின்னும் கவனம் வேண்டும். பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், முனகியபடி விரைந்து மூச்சு வாங்கல், நிறம் நீலித்தல், உடல் கொதித்தல் அல்லது சில்லிடல் என்பன நோயின் குறிகள். இவற்றுள் இறுதியானதே நம் மலைநாட்டில் நம்மை ஏமாற்றுவது. மூடுபனி இறங்கும் ஊரிலே குழந்தையின் கைகால் குளிர்ந்தால், 'பனி பட்டுருச்சு' என்று கம்பளியாற் சுற்றி அடுப்படியிற் கிடத்துகின்றோம். கம்பளிக்குள்ளும் சூடேறாத குழந்தை, பால் வேண்டாத குழந்தை, பனியால் அவ்வாறாவதில்லை. அன்றே, அந்த மணியிலேயே, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படல் வேண்டும்.

இவ்வளவையும் அம்மையார்க்கு ஒரே மாலையிற் கூறினோமல்லேம். மூன்று முறை வந்து கேட்டார். மூன்றாம் முறை, நம் முன்னிலையிலேயே மருமகளைத் தொலைபேசியில் அழைத்து, "அது ஒங் குத்தம் இல்ல தாயி. ஊசியப் போட்டுக்க. நா பூண்ட ஒண்ணும் வைக்கச் சொல்லல" என்றார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. அழுகையொலி மட்டும் கேட்டது.

தை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பனிக்குடம் இரவு உடைந்ததாகவும், இருமுறை மருந்து ஏற்றியபின் காலையிற் பிறந்ததாகவும் மகன் எழுதியிருந்தார். கனடா செல்லும் உறவினர் ஒருவரிடம் அம்மையார் பொதியொன்று கொடுத்தனுப்பினார். உள்ளே மிளகும் பெருங்காயமும் உரித்து உலர்த்திய பூண்டும் இருந்தன. "பத்தியக் கொழம்புக்குத்தான் ஐயா," என்று நம்மிடம் கூறிச் சிரித்தார்.