பாசறை பட்டணமான கதை
(வணிகர் அறிய வேண்டிய வரலாறு)

ஆற்றங்கரையில் ஊர் தோன்றும், துறைமுகத்தில் தோன்றும், கோயிலைச் சுற்றியும் தோன்றும். படை தங்கிய பாசறையே பட்டணமானதும் உண்டு.

கி.பி. 638ஆம் ஆண்டையொட்டி அரபுப் படையினர் இராக்கில் பஸ்ரா, கூஃபா என்ற இரு பாசறைகளை அமைத்தனர். நடுவில் பள்ளிவாசல், சுற்றிலும் குலவாரியாகக் குடியிருப்பு. பஸ்ராவில் முதலில் இருந்தவை நாணல் குடிசைகளே. போருக்குப் புறப்படும்போது நாணலைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். பிறகுதான் மண், செங்கல் வீடுகள் வந்தன.

சம்பளமும் சந்தையும்

பட்டியலில் பெயருள்ள வீரனுக்கு ஆண்டுதோறும் ரொக்கமும் மாதந்தோறும் தானியமும் கிடைத்தன. காசு புழங்கும் இடத்துக்குச் சரக்கு தேடி வரும் அல்லவா? பஸ்ராவின் எல்லையில் மிர்பத் என்ற ஒட்டகச் சந்தை வளர்ந்தது. கூஃபா சந்தையில் தொடக்கத்தில் நிலையான கடைகள் இல்லை. முதலில் வந்து இடம் பிடித்தவருக்கே அன்று முழுவதும் அவ்விடம் சொந்தம் என்பது விதி எனப் பழைய வரலாற்று நூல்கள் கூறும்.

762இல் பாக்தாத் தலைநகராக எழுந்தபின் கூஃபாவின் பொலிவு மெல்லக் குறைந்தது. பஸ்ராவுக்கோ கடல் வணிகம் கைகொடுத்தது. இன்றும் அது பெரிய துறைமுக நகரம்.

நம் புதுவை

இங்கே வரிசை மாறியது. நெசவுத் துணியை நாடித்தான் பிரெஞ்சுக் கம்பெனி வந்தது. வணிகத்தைக் காக்கக் கோட்டை எழுந்தது. பிரான்சுவா மர்த்தேன் கட்டிய லூயி கோட்டை 1706இல் முடிந்தது. வாய்க்காலுக்கு மேற்கே செட்டித் தெரு, தெற்கே முல்லா வீதி என இனவாரியாக ஊர் விரிந்தது.

1761 ஜனவரியில் நீண்ட முற்றுகைக்குப் பின் ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள்; வீடுகளும் இடிந்தன. 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியதும், பழைய தெருக்களின் வழியிலேயே மீண்டும் எழுந்தது. கோட்டை மட்டும் எழவில்லை. அது நின்ற இடத்தில் இன்று பாரதி பூங்கா இருக்கிறது. கடைத்தெருவோ நம் கையில் இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

பாசறைச் சம்பளம் ஒரு சந்தையைத் தொடங்கி வைக்கும், நிலைநிறுத்தாது. அரசு அலுவலகம், ஆலை, கல்லூரி ஆகியவற்றின் சம்பளத் தேதியை மட்டும் நம்பிக் கடை நடத்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலை மூடினால் நம் பற்றுப் புத்தகம் என்னவாகும்? பல தரப்பு வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொண்ட கடையே பட்டணம்போல் நிலைக்கும்.