பிரத்தியேகப் பக்கம் பொதுக் கிடங்கிற் சேராதிருக்க

2015ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தின்மீது தாக்குதல் நிகழ்ந்தபோது, பாரத்தைத் தணிக்கும் பொருட்டு இட்ட கேஷ் (பக்கங்களின் பிரதியைச் சேமித்து வழங்கும் இடைக்கிடங்கு) ஒழுங்கொன்று பிழைத்துப்போக, ஏறத்தாழ 34,000 பேரின் கணக்குப் பக்கங்கள் அந்நியர் திரைகளில் தோன்றியிருக்கக்கூடுமென அதனை நடத்தும் வால்வ் நிறுவனமே பின்னர் அறிவித்தது. எவரும் கடவுச்சொல்லைத் திருடவில்லை. ஒருவருக்கென ஆக்கப்பட்ட பக்கத்தைப் பிரதிசெய்து வைத்து, அடுத்து வந்தவரிடம் யாரென்று வினவாமலே அதை நீட்டிவிட்ட இடைக்கிடங்கினால் விளைந்த விபரீதம் அது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி கற்ற நம் இளைஞர், சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் தளம் அமைக்க முன்வருகையில், காணாமலாக்கப்பட்டோரின் விவரமும் காணியின் இலக்கமும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் தற்போதைய முகவரியும் அடங்கிய பதிவேடுகளைக் கையாள நேரலாமாதலால், இவ்விஷயத்தில் அசிரத்தை மன்னிக்கத்தக்கதன்று.

முதலில், உட்புகுந்தவர்க்கு மாத்திரம் உரிய ஒவ்வொரு பக்கத்தின் மறுமொழித் தலைப்பிலும் ‘கேஷ்-கொன்ட்ரோல்: நோ-ஸ்டோர்’ என எழுதுக. அதற்குப் பதிலாக இடும் ‘பிரைவேட்’ என்பது பலர்க்கும் பொதுவான இடைக்கிடங்கை மட்டுமே தடுக்கும், உலாவியிற் பிரதி எஞ்சும். ஒரே கணினியைப் பலர் பாவிக்கும் இடங்களுக்கு அது போதாது. ‘நோ-கேஷ்’ சேமிப்பைத் தடுப்பதே இல்லை. மீள வழங்குமுன் மூலத் தளத்தை விசாரிக்கவே கட்டளையிடும்.

அடுத்தது பலரும் கவனியாதது. 2017இல் ஓமர் கில் என்னும் ஆய்வாளர் பேபால் தளத்திலே காட்டிய வழி இது: கணக்குப் பக்கத்தின் முகவரியோடு, இல்லாத ஒரு சி.எஸ்.எஸ் கோப்பின் பெயரை ஒட்டி, அவ்விணைப்பை உட்புகுந்திருக்கும் ஒருவரைத் திறக்கச் செய்தால், தளம் பின்னொட்டைப் பொருட்படுத்தாது கணக்குப் பக்கத்தையே தர, கிடங்கோ முகவரியின் ஈற்றை மட்டும் நோக்கி அதனைப் பொதுக் கோப்பெனச் சேமித்துக்கொள்ள, தாக்குபவர் பின்னர் அதே முகவரியிற் சென்று அனைத்தையும் வாசித்துவிடுவார். ஆகவே, அறியாத முகவரிக்கு 404 என்றே விடையளிக்குமாறு தளத்தைத் திருத்துக. ஈற்றைக் கொண்டன்றி, உள்ளடக்க வகையையும் மூலத் தளத்தின் கட்டளையையும் கொண்டே சேமிக்குமாறு கிடங்கை ஒழுங்குசெய்க. அக்கட்டளையை மீறி அனைத்தையும் சேமிக்கும் விதி எங்கேனும் இருப்பின் நீக்குக. குக்கி வழங்கும் மறுமொழியைச் சேமிக்க விடற்க.

பின்னர், உங்கள் சொந்தத் தளத்திலேயே, சோதனைக் கணக்கொன்றைக் கொண்டு பரீட்சிக்க. உட்புகுந்து, பின்னொட்டிட்ட முகவரியைத் திறந்தபின், மற்றோர் உலாவியில் உட்புகாமலே அதனைத் திறந்தால் கணக்கு விவரம் வரலாகாது. மறுமொழித் தலைப்பில் ‘ஏஜ்’ என்னும் எண் காணப்படின், அது கிடங்கிலிருந்து வந்ததென அறிக. கிடங்கின் விதியை மாற்றுந்தோறும், அவசரமெனினும், இதனைச் செய்க.

கசிவு நேர்ந்துவிட்டால் சேமிப்பை நிறுத்திக் கிடங்கை வெறுமையாக்கி, திறந்திருக்கும் அமர்வுகளை இரத்துச்செய்து, எவருடைய விவரம் வெளிப்பட்டதோ அவர்க்கு நேரிலோ தொலைபேசியிலோ தெரிவிக்க; இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமையையும் வகுத்திருப்பதால், நிகழ்ந்த நேரத்தையும் செய்த திருத்தத்தையும் அன்றே எழுதிவைக்க.