முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையும் வீட்டாரும்

இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் இளமைக் காலத்தைப் பற்றி நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். கூஃபாவில் ஏழை வீட்டுப் பிள்ளை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட மஜ்லிஸில் அமர்ந்திருந்தவரை வீட்டார் பிழைப்புக்காக அழைத்துக் கொண்டனர். அழைத்தவர் தந்தை என்று ஓர் அறிவிப்பு, தாய் என்று மற்றோர் அறிவிப்பு. மாணவரைக் காணாத இமாம் அவர்கள் காரணம் கேட்டறிந்து, நூறு திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்து, பாடத்தை விட வேண்டாம், தீர்ந்தால் தெரிவிக்கவும் என்றார்கள். தெரிவிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதற்கு முன்பே அடுத்த பை வந்தது. அந்தப் பிள்ளைதான் கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமை காஜியாக விளங்கினார்.

அவ்வீட்டாரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அடுப்பெரிய வேண்டுமே! அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலும் தறியையும் மில்லையும் மிளகாய்க் காட்டையும் நம்பிய வீடுகளுக்கு அதே நிலைமைதான். திருச்சுழியில் 2022 முதல் அரசு கலை அறிவியல் கல்லூரி இருப்பதால் தூரம் குறைந்துவிட்டது. ஆனால், "எழுத்தறியாத நாங்கள் என்ன உதவ முடியும்?" என்று பெற்றோர் கேட்கின்றனர்.

நேரத்தைக் கொடுக்கலாம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த காட்டில் களையெடுக்கும் நாட்களில்தான் நவம்பர் பருவத் தேர்வு வருகிறது. மிளகாய்ப் பழம் எடுத்து முடியுமுன் ஏப்ரல் தேர்வு வந்துவிடுகிறது. "நாலு நாள் லீவு போடேன்" என்பது சாதாரணப் பேச்சாகத் தோன்றும். முக்கால் பங்கு வருகை இல்லையெனில் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும் என்பது வீட்டுக்குத் தெரியாது. பிள்ளையும் அத்தாவிடம் சொல்லத் தயங்கும்.

இதைவிடப் பெரிய தயக்கம் அரியர் விஷயத்தில். தமிழில் படித்து வந்த பிள்ளை, ஆங்கிலப் பாடத்தின் முன் முதல் பருவத்தில் தடுமாறுவது இயல்பு. இரண்டு தாளில் தவறிவிட்டால், "இதற்குத்தானா கடன் வாங்கினேன்?" என்ற ஒரு சொல் போதும். மகன் சத்தமில்லாமல் மில் வேலைக்குப் போய்விடுவான்; மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவோம். தவறிய தாளை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம், மற்றப் பாடங்கள் தொடர்ந்து நடக்கும் என்பதை அறிந்த வீடு இவ்வளவு பதறாது. பிள்ளை தானாக வந்து சொல்லும்படி அம்மாவாவது இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் 1000 ரூபாய். அதை வட்டிக்காரனுக்கோ விசேஷத்துக்கோ எடுத்துவிடுகிற வீடுகளும் உண்டு. அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வந்த அமானிதம். தொழிற்படிப்புக்குக் கவுன்சலிங் மூலம் செல்வோர் முதல் பட்டதாரிச் சான்று பெற்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

இவற்றுக்கான மனுவை நிரப்பத் தெரிந்த ஒருவர், தேர்வு முடிவு வரும் மாதத்தில் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தாலே போதும். ஜகாத் பெறத் தகுதியுள்ள மாணவர் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அவர்கள் வாய் திறந்து கேட்கும்வரை ஜமாஅத் காத்திருக்க வேண்டியதில்லை.